உங்கள் அருகில் நிற்கும் பயிற்சி மாணவர்

"மாணவர்கள் வந்துவிட்டால் உங்களுக்கு வேலை குறையுமே, பிறகு ஏன் இவ்வளவு காத்திருப்பு?" என்று இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

உண்மையில், முதல் சில வாரங்களில் எங்கள் வேலை கூடவே செய்கிறது. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவரின் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என மாணவர் கோணமானியால் அளப்பார். அதே அளவை நாங்களும் எடுத்துச் சரிபார்ப்போம். பக்கவாதம் கண்டவரைக் கட்டிலில் எழுப்பி அமர்த்தும்போது, மாணவரின் கைப்பிடியையும் நோயாளியின் முகத்தையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். மாணவர் எழுதும் குறிப்புகளைப் படித்துத் திருத்துவதும் எங்கள் பொறுப்பே. ஆகவே அந்நாட்களில் ஒவ்வொருவருக்கும் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

வாரங்கள் செல்லச் செல்ல நிலை மாறும். நடைப்பயிற்சியில் உடன் நடக்கவும், வீட்டுப் பயிற்சிகளைக் குடும்பத்தாருக்குப் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் காட்டவும் ஒரு துணை கிடைக்கிறது. மாணவர் கேட்கும் 'ஏன்', நாங்கள் பழக்கத்தால் செய்வதையும் மறுபடி எண்ணிப்பார்க்க வைக்கிறது.

நான்காண்டு வகுப்புகள் மட்டுமே ஒருவரைச் சிகிச்சையாளர் ஆக்கிவிடா. விறைத்த தசை எவ்வளவு இளகுகிறது என்பதைக் கைதான் உணர்ந்து அறிய வேண்டும். அதற்கு உங்கள் ஒப்புதல் தேவை. மாணவர் தம்மை இன்னார் என்று கூறி அனுமதி கேட்பார். 'வேண்டாம்' எனச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் கூற வேண்டியதில்லை. சிகிச்சையில் எக்குறையும் நேராது. வலி கூடினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் எங்களை அழையுங்கள், அருகிலேயே இருப்போம்.