மலை ஏறும் காரும் அதன் விசிறியும்

ஊவா மாகாணத்திலே ஒரே பயணத்தில் இரண்டு காலநிலைகளைக் காணலாம். வெல்லவாயா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அங்கிருந்து முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில், 1,000 மீற்றருக்கு மேல் அமைந்த எல்லவில் குளிர்காற்று வீசும். இடையிலுள்ள வீதி இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து வளைந்து வளைந்து மேலேறுகிறது. பழைய காரின் உண்மையான உடல்நிலையைச் சோதிக்க இதைவிடச் சிறந்த இடம் வேண்டியதில்லை.

வெல்லவாயாச் சமவெளியில் விரைந்து ஓடும்போது காரின் குளிரூட்டி நன்றாக வேலை செய்கிறது. ஏற்றம் தொடங்கி, பாரமேற்றிய லொறி ஒன்றின் பின்னால் ஊர்ந்து செல்ல நேரும்போது உள்ளே வருவது வெறும் வெப்பக் காற்று. எல்லவைத் தாண்டிப் பதுளையை நோக்கி இறங்கும்போது மறுபடியும் குளிர்ச்சி. இந்நிலையில் சாரதிகள் பலர் செய்யும் முதல் முடிவு, "காஸ் குறைந்துவிட்டது" என்பதே. பணம் செலவழித்துக் காஸ் நிரப்புகிறார்கள். அடுத்த ஏற்றத்திலும் அதே கதை நிகழ்கிறது. குற்றம் காஸில் இல்லை. காரின் முகப்பில் இருக்கும் விசிறியில் இருக்கிறது.

இதனை விளங்கிக்கொள்ள, குளிரூட்டி செய்யும் வேலையை அறிதல் வேண்டும். குளிரூட்டி குளிரைப் படைப்பதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே சுமந்து செல்கிறது. கொம்பிரசர் என்னும் அழுத்தி வாயுவை நெருக்கிச் சூடாக்குகிறது. சூடேறிய வாயு, ரேடியேற்றருக்கு முன்னே நிற்கும் கண்டென்சருக்குள் சென்று, தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. அத்திரவமே பின்னர் உள்ளே விரிந்து ஆவியாகி, இருப்பவர்களின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

ஆகவே கண்டென்சர் வழியே காற்று ஓடுவது இன்றியமையாதது. வேகமாக ஓடும் காருக்கு எதிர்காற்றே அந்த உதவியைச் செய்துவிடும். ஊர்ந்து செல்லும் காருக்கோ விசிறியைத் தவிர வேறு துணை இல்லை. விசிறி நின்றுபோனால் வாயுவின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். 134ஏ வாயுவைப் பயன்படுத்தும் கார்களில், சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலைச் சுற்றி இருக்கவேண்டிய அழுத்தம் 350, 400 என உயரலாம். அப்பொழுது பாதுகாப்பு ஆளி கொம்பிரசரை நிறுத்திவிடும், குளிர்ச்சியும் நின்றுவிடும். இந்நிலையில் மேலும் காஸ் நிரப்புவது அழுத்தத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

மலையகத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. அப்புத்தளை போன்ற 1,400 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடற்கரையிலிருப்பதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்று குறைந்த வெப்பத்தையே சுமந்து செல்லும். திறந்த பாத்திரத்தில் நீர் அங்கே 95 பாகையளவிலேயே கொதித்துவிடும். மேலும், மலைக்குளிரில் குளிரூட்டியின் தேவை குறைவாதலால், விசிறி பழுதடைந்திருப்பது மாதக்கணக்கில் தெரியாமலே போகும். குளிர் பழுதை மறைக்கிறது. ஏற்றம் அதனைக் காட்டிக்கொடுக்கிறது.

பரிசோதனை எளிதே. காரைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிரூட்டியை இயக்க வேண்டும். மின்விசிறி உள்ள காரானால், உடனேயோ அழுத்தம் ஏறிய ஓரிரு நிமிடங்களிலோ அது சுழலத் தொடங்க வேண்டும். காரின் முன்கம்பிகளின்மேல் ஒரு தாளை வைத்துப் பார்க்கலாம். ரேடியேற்றருக்குப் பின்னின்று காற்றை இழுக்கும் விசிறியானால், தாள் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். தாள் வெளியே தள்ளப்பட்டால், முன்பு செய்த பழுதுபார்ப்பில் வயர்கள் மாறிப் பொருத்தப்பட்டு, விசிறி எதிர்த்திசையில் சுழல்கிறது என்பது பொருள்.

விசிறி சுழலவே இல்லையெனின், முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். அடுத்தது ரிலே. அதே வகையான வேறொரு ரிலேயை மாற்றிப் பொருத்தினால் உண்மை தெரிந்துவிடும். பின்னர் விசிறியின் இணைப்பைக் கழற்றி, பியூஸ் உள்ள வயரினால் பற்றரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுக்கலாம். விசிறி சுழன்றால் மோட்டார் நல்லது. வயரிலோ, உருகிய இணைப்பிலோ, துருவேறிய பூமி இணைப்பிலோ, ஆளியிலோ குறை உள்ளது. சுழலாமல், மரப்பிடியால் மெல்லத் தட்டியதும் ஓடத் தொடங்கினால், மோட்டாரின் கரித்துண்டுகள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம்.

பட்டியால் ஓடும் பழைய வகை விசிறியில், பட்டியின் இறுக்கத்தையும் நடுவிலுள்ள கிளச்சையும் கவனிக்க வேண்டும். சூடேறிய இயந்திரம் நின்றபின்னும் விசிறி தடையின்றித் தளர்வாகச் சுழன்றால் கிளச் பழுதாகியிருக்கக்கூடும். எந்த விசிறியானாலும், தோட்டத்து மண்வீதிச் சேறும் புல்லும் பூச்சிகளும் கண்டென்சரின் மெல்லிய தகடுகளை அடைத்திருந்தால் அதனால் பயனில்லை. மெதுவான நீரால் கழுவிவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். இயந்திரம் நின்றபிறகும் மின்விசிறி திடீரெனச் சுழலலாம். பற்றரி இணைப்பை எடுக்காமல் அதனருகே விரல் போகக்கூடாது. எரிந்த பியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சொருகுவது காரைத் தீக்கிரையாக்கும் வழி.

ஏற்றத்தின் நடுவே வெப்பமானியின் முள் உயர்ந்தால், உடனே குளிரூட்டியை நிறுத்தி, உட்புறச் சூடாக்கியைத் திறந்து, வளைவில்லாத இடத்தில் ஒதுங்கி இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். சூடு ஆறும்வரை ரேடியேற்றரின் மூடியைத் திறத்தல் ஆகாது. அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருந்து, திறந்த கணமே முகத்தில் பீறிடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அவ்விடைக்காலம் முழுவதும் நாடு பழைய கார்களையே நம்பி வாழ்ந்தது. புதியவை விலையேறிவிட்டபடியால், இன்றும் பலர் அவற்றையே நம்பியிருக்கின்றனர். பசறையிலும் நமுனுகுலையிலும் தெமோதரையிலும் உள்ள தோட்டங்களில், நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல, அயல் லயத்துக்காரரின் பழைய காரே சில வேளைகளில் கைகொடுக்கிறது. அந்த இரவில் வளைவொன்றில் கார் கொதித்து நின்றுவிட்டால், அதற்குக் காரணம் சில நாட்களுக்கு முன் பார்த்திருக்கவேண்டிய ஒரு பியூஸாக இருக்கக்கூடும். ஒரு தாளையும் ஐந்து நிமிடத்தையும் செலவிட்டு, பயணத்துக்கு முன் விசிறி சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்வது, அந்தப் பெண்ணுக்கும் அவளோடு செல்பவர்களுக்கும் செய்யும் பேருதவியாகும்.