தப்பா வந்த பணம் தங்குமா? வீட்டையே விற்கச் சொன்னது கோர்ட்டு!

திருச்சி,

காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கினாலும், ஸ்ரீரங்கம் கோவில் வாசலில் பூ வாங்கினாலும் இப்போது பணம் போவது செல்போன் வழியாகத்தான். போகிற வேகத்தில் சில நேரம் தப்பாகவும் வந்து விழுந்து விடுகிறது.

பிடிக்காத புடவையைத் திருப்பி அனுப்பினால் கம்பெனி 800 ரூபாய் தர வேண்டும். கணக்கில் 8 ஆயிரம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "வந்த லட்சுமியை யாராவது வேணாம்பாங்களா? தப்பு பண்ணினது கம்பெனிதானே!" என்பார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

அதைக் கேட்டு செலவழித்தால் ஆபத்து. தவறுதலாக வந்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்று 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு சொல்கிறது.

1 கோடி டாலர்

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரப் பெண் ஒருவருக்கு 2021 மே மாதம் "கிரிப்டோ.காம்" கம்பெனி 100 டாலர் திருப்பித் தர வேண்டி இருந்தது. தொகை எழுத வேண்டிய கட்டத்தில் ஊழியர் கணக்கு எண்ணைப் போட்டு விட்டார். போய்ச் சேர்ந்தது 1 கோடியே 4 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு மேல்!

கம்பெனிக்கு இது 7 மாதம் தெரியவே தெரியாது. தணிக்கையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் பணம் பல கைகளுக்குப் போய்விட்டது. 13½ லட்சம் டாலரில் சகோதரி பெயருக்கு வீடும் வாங்கியாகி விட்டது. போட்டியில் பரிசு விழுந்ததாக அந்தப் பெண்ணிடம் அவருடைய துணைவர் சொன்னாராம்!

2022-ல் விக்டோரியா மாநில சுப்ரீம் கோர்ட்டு, வீட்டை விற்று வட்டியோடு பணத்தைக் கொடு என்று உத்தரவிட்டது. மலேசியா போக விமான நிலையம் வந்த அந்தப் பெண் கைதானார். 209 நாள் காவலில் இருந்தார்.

நம் நாட்டிலும் ஜெயில் உண்டு. தப்பு என்று தெரிந்த பிறகும் அடுத்தவர் பணத்தை அமுக்கினால், 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவுப்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை தண்டனை. அபராதம் தனி.

டாக்சி டிரைவர்

2023 செப்டம்பரில் சென்னை டாக்சி டிரைவர் ஒருவர் கணக்கில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியில் இருந்து 9 ஆயிரம் கோடி ரூபாய் விழுந்தது. நிஜமா, மோசடியா என்று பார்க்க நண்பருக்கு 21 ஆயிரம் அனுப்பினார். போய்விட்டது! சிறிது நேரத்தில் மீதிப் பணத்தை வங்கி எடுத்துக் கொண்டது. பிறகு வக்கீல்கள் பேசி, அந்த 21 ஆயிரம் வேண்டாம் என்று முடிவானது. வங்கி மனம் வைத்ததால் தப்பினார். எல்லோருக்கும் அந்த யோகம் வராது.

சர்க்கார் ஊழியர் சங்கதி மட்டும் கொஞ்சம் வேறு. பொன்மலை ரெயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் கவனிக்க வேண்டும். இலாகாவின் தவறால் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தை ஓய்வு பெற்றவர்களிடமும், 'சி', 'டி' பிரிவு ஊழியர்களிடமும் திரும்பப் பிடிக்கக்கூடாது என்று 2014 டிசம்பரில் டெல்லி சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆனால் "கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்த அதிகாரி ஒருவர், 2016-ல் அதே கோர்ட்டில் தோற்றார்.

போன் வந்தால்?

திருப்பிக் கொடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "அம்மா, தவறிப்போய் உங்க நம்பருக்கு 5 ஆயிரம் அனுப்பிட்டேன். இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்க" என்று அழாத குறையாகப் பேசுவான். வந்த எஸ்.எம்.எஸ். போலியாக இருக்கும். கணக்கில் ஒரு பைசாவும் ஏறியிருக்காது.

நிஜமாகவே ஏறியிருந்தாலும் கேட்ட நம்பருக்கு அனுப்பக்கூடாது. அது வேறு ஆசாமி என்றால், உண்மையில் அனுப்பியவருக்கு மறுபடி கொடுக்க வேண்டி வரும். பணத்தைத் தொடாமல் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் மூலமே திரும்பப் போகச் செய்து, நகல் வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும்.

ஏமாந்து அனுப்பி விட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது.