எஞ்சின் போய்விட்டதா, காஸ்கட் போய்விட்டதா?

எங்கள் லொறி ஹற்றன் பக்கத் தோட்டங்களில் கொழுந்து ஏற்றுகிறது. பிள்ளைகளின் படிப்பு அதன் வருமானத்தில்தான் நடக்கிறது. சுமையோடு மலையேறும்போது தண்ணீர் குறைந்தால் எஞ்சின் கொதித்துவிடும். சிலிண்டர் ஹெட்டின் அடியிலுள்ள காஸ்கட் எரியும்.

ஒருநாள் லொறி விடாமல் வெண்புகை தள்ளியது. எஞ்சினையே மாற்றவேண்டும் என்றார் ஒரு மெக்கானிக். நான் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தது. அப்படியென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆனால் எஞ்சினில் தட்டும் சத்தம் இல்லை. அந்த ஒயிலோடு ஓட்டினால் பேரிங்குகளும் கெடும் என்பதால் லொறியை நிறுத்திவிட்டேன். வேறொரு கராஜில் ஹெட்டைக் கழற்றினார்கள். எரிந்திருந்தது காஸ்கட் மட்டுமே. ஹெட்டில் வெடிப்பு இல்லையென்று சோதித்து, அதைச் சமப்படுத்தி, புதுக் காஸ்கட்டும் புது ஒயிலும் போட்டார்கள்.

சகோதரிகளே, லொறியை நம்பிப் பிழைப்பவர்கள் புகையைக் கவனியுங்கள். நுவரெலியாக் குளிரில் காலையில் சற்று வெண்புகை வருவது இயல்பு. எஞ்சின் சூடான பின்னும் வந்து, தண்ணீரும் குறைந்தால் காஸ்கட்டைச் சந்தேகியுங்கள். நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். கரும்புகை வந்தால் எயார் பில்டரையும் இன்ஜெக்டரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே வேண்டாம். ஹெட்டைக் கழற்றிக் காட்டும்வரை புது எஞ்சினுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.