கணிப்பொறியின் குளிர்நீரில் சிக்கும் காற்று

கிணற்று நீரை இறைக்கும் பம்பில் காற்றுப் புகுந்துவிட்டால் நிகழ்வது யாதெனக் கிராமப் பகுதிகளில் பணியாற்றுவோர் நன்கறிவர். மோட்டார் சுழல்கிறது, ஓசையும் கேட்கிறது, நீர் மட்டும் வருவதில்லை. பம்பின் சக்கரம் தன்னிடமுள்ள பொருளை விளிம்பை நோக்கி வீசியெறிவதாலேயே அழுத்தம் பிறக்கிறது. காற்றோ நீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு இலேசானது. அதனை எவ்வளவு விரைவாகச் சுழற்றினும் நீரை மேலேற்றத்தக்க அழுத்தம் உண்டாவதில்லை. இதே இடையூறு, உள்ளங்கையில் அடங்கும் சிறு பம்பைக் கொண்டு குளிர்விக்கப்படும் கணிப்பொறியிலும் நேர்கின்றது.

ஒரே கனஅளவுள்ள நீரையும் காற்றையும் ஒரே அளவு சூடேற்றினால், நீர் காற்றைப்போல் மூவாயிரம் மடங்கிற்கும் மேலான வெப்பத்தை ஏற்கும். வெப்பத்தைக் கடத்துவதிலும் அது இருபது மடங்கிற்கு மேல் சிறந்தது. புனே நகரில் 2019-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பரம் பிரம்மா என்னும் மீக்கணிப்பொறி நீரால் குளிர்விக்கப்படுவது இக்காரணம் பற்றியே. மேசைக் கணிப்பொறிகள் சிலவற்றிலும் இம்முறை கையாளப்படுகிறது. செயலியின் மீது செம்புக் கட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் உட்புறத்து நுண்ணிய பள்ளங்கள் வழியே ஓடும் நீர், வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டு சென்று விட்டுவிட்டுத் தொட்டிக்குத் திரும்பும். அப்பள்ளங்களில் காற்று தங்குமாயின் செயலி சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். சூடு மேலும் மிகுந்தால் இயக்கம் நின்றுவிடும். பம்பின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதன் அச்சுக்கு மசகாக அமைவதும் அந்நீரே யாதலால், வறண்டு ஓடும் பம்பு விரைவில் தேய்ந்து கெடும்.

பம்பின் வேகத்தைக் கூட்டினால் காற்று தானே வெளியேறிவிடும் எனப் பலர் எண்ணுவர். இது பாதியே உண்மை. சில மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குமிழி, அசைவற்ற நீரில் வினாடிக்குச் சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் மேலேறும். நிமிடத்திற்கு 4 லிட்டர் நீர் 10 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் ஓடுகையில் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். ஆகவே கீழ்நோக்கிச் செல்லும் குழாயிலும் குமிழி நீரோடு இழுத்துச் செல்லப்படும். ரேடியேட்டரின் மூலையில் ஒட்டிக் கிடக்கும் காற்றைப் பெயர்க்க இவ்வேகம் தேவைதான். ஆனால் வேகம் மிகுந்தால் பெருங்குமிழிகள் உடைந்து நுண்குமிழிகளாகி நீர் வெண்மையாகத் தோன்றும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குமிழி வினாடிக்கு அரை சென்டிமீட்டர் அளவே ஏறவல்லது. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியில் நீர் வினாடிக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் கீழிறங்குகிறது. அந்தோ, அச்சிறு குமிழி மேற்பரப்பை எட்டுமுன் மீண்டும் பம்பினுள் சென்றுவிடும்!

எனவே சிறிது நேரம் விரைவாக ஓட்டுதலும், பின்னர் நிறுத்தியோ மெதுவாக்கியோ குமிழிகள் மேலேற இடந்தருதலும் மாறிமாறி நிகழ வேண்டும். அவ்வமயம் மின்சாரம் பம்பிற்கு மட்டுமே தரப்படுதல் வேண்டும். ஏனைய உறுப்புகளுக்குக் கூடாது. இணைப்புகளின் அடியில் உலர்ந்த காகிதத்தை விரித்துவைத்தால் ஒரு துளி கசிந்தாலும் தெரிந்துவிடும். தொட்டியில் நீர் வற்றுமுன் பம்பை நிறுத்தி நீரை நிரப்பி மீண்டும் ஓட்டுக. பெட்டியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லச் சாய்த்தால் ரேடியேட்டரில் பதுங்கிய காற்று சலசலத்துக்கொண்டு வெளிப்படும். காற்று எப்பொழுதும் மிக உயர்ந்த இடத்தையே நாடுவதால், தொட்டியை அங்கே அமைத்தல் நன்று. தொட்டியின்றி ஆலையிலேயே நிரப்பி மூடப்பட்ட அமைப்பாயின், ரேடியேட்டரின் மேற்பகுதி பம்பைவிட உயரத்தில் இருத்தல் வேண்டும். பம்பே உச்சியிலிருந்தால் காற்று முழுவதும் அதனிடம் வந்து சேரும்.

காற்று எஞ்சியுள்ளதா என அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. பம்பை இயக்கியதும் தொட்டியின் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்து, நிறுத்தியதும் பழைய அளவிற்கு உயருமாயின், உள்ளே எங்கோ காற்று அடைபட்டுள்ளது. நீர் அழுத்தத்தால் சுருங்குவது அற்பம். காற்றோ எளிதில் சுருங்கும். பாயில் விதியைப் பயிற்றும் ஆசிரியர்களுக்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

குமிழி ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத பின்னும் சில நாட்களில் நீர்மட்டம் குறைவதுண்டு. இதைக் கசிவு என உடனே முடிவு செய்தலாகாது. குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் காற்று, நீர் சூடேறும்பொழுது பிரிந்து வருகிறது. காற்றோடு கலந்து நிற்கும் நீர், 25 பாகை சென்டிகிரேடில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மிகுதியான ஆக்ஸிஜனைக் கொண்டிருக்கும். 40 பாகையில் அது ஏறத்தாழ 6½ மில்லிகிராமாகக் குறையும். கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றி வெயிலில் வைத்தால் சுவரெங்கும் சிறு முத்துக்கள்போல் குமிழிகள் படிவதை வகுப்பிலேயே காட்டலாம். காய்ச்சி வடித்த நீரை நிரப்புமுன் ஒருமுறை கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். முதல் வாரத்தில் தொட்டியை இரண்டொரு முறை திறந்து பார்த்துக் குறைந்த அளவை நிரப்பிவிட்டு, காகிதம் உலர்ந்தே உள்ளதா எனக் கவனித்துப் பின்னரே மூடியை இறுக்குதல் வேண்டும்.