இரவுப் பணி, உறக்கம், புற்றுநோய்: அடிக்கடி எழும் ஒரு கேள்வி

மாலை மங்கும் வேளையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் நின்றால், இருங்காட்டுக்கோட்டையையும் ஸ்ரீபெரும்புதூரையும் நோக்கித் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் நிறுவனப் பேருந்துகளைக் காணலாம். 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையையும் சுற்றி வளர்ந்தவை நம் ஊர்கள். ‘நைட் ஷிப்டு’ என்பது இங்கே குழந்தைகளும் அறிந்த வீட்டுச் சொல். ஆலைத் தொழிலாளர், செவிலியர், காவலாளிகள், ஓட்டுநர்கள், கணினி நிறுவன ஊழியர் எனப் பலரும் பிறர் உறங்கும் நேரத்தில் உழைக்கின்றனர்.

ஆதலால் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: “இத்தனை ஆண்டுகள் இரவில் கண் விழித்ததால்தான் எனக்கு இந்த நோய் வந்ததா?” சில நேரங்களில் இதை நோயாளி கேட்பதில்லை, அவருடைய மனைவியோ மகனோ தனியே வந்து தாழ்ந்த குரலில் கேட்கின்றனர். அச்சமும் குற்ற உணர்வும் கலந்த இக்கேள்விக்கு, அறிவியல் இன்றுவரை சொல்வதை உள்ளது உள்ளபடி கூறுவது எங்கள் கடமை.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதி, கண் வழியே வரும் ஒளியைக் கொண்டு பகலையும் இரவையும் அறிகிறது. உடல் வெப்பம், பசி, இயக்குநீர்ச் சுரப்பு ஆகியவை இந்தக் கடிகாரத்தின்படியே ஏறி இறங்குகின்றன. இக்கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இருள் சூழ்ந்ததும் மெலடோனின் என்னும் இயக்குநீர் சுரக்கிறது. இரவில் விளக்கொளியில் இருக்கும்போது அதன் சுரப்பு குறைகிறது. ஆண்டுக்கணக்கில் இந்த ஒழுங்கு குலைந்தால், உயிரணுக்களின் வளர்ச்சியும் பழுது நீக்கமும் பாதிக்கப்படக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இரவுப் பணியோடு சேர்ந்து வரும் உடற்பருமன், புகையிலை, மது, உடற்பயிற்சி இன்மை ஆகியவற்றின் பங்கையும் மறக்கலாகாது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் சுழற்சிப் பணியை 2007இல் ‘2ஏ’ பிரிவில் சேர்த்தது. ‘மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடுவதற்கு வாய்ப்பு மிகுந்தது’ என்பது அதன் பொருள். 2019இல் மீண்டும் கூடிய வல்லுநர் குழுவும் இரவுப் பணியை அதே பிரிவில் வைத்தது. மார்பகம், புராஸ்டேட் சுரப்பி, பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றின் புற்றுநோய்களோடு தொடர்பு இருக்கலாம் என்றாலும், மனிதரிடம் கிடைத்த சான்றுகள் வரம்புக்குட்பட்டவையே என்றும் அக்குழு கூறியது.

இப்பிரிவு சான்றின் வலிமையைக் குறிப்பதேயன்றி ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற செவ்விறைச்சியும் இதே ‘2ஏ’ பிரிவில்தான் உள்ளது. புகையிலையோ ஐயத்திற்கு இடமின்றி முதற்பிரிவில் நிற்கிறது.

அமெரிக்காவில் 78,000க்கும் மேற்பட்ட செவிலியரைத் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளிவந்த ஆய்வில், 30 ஆண்டுகளும் அதற்கு மேலும் சுழற்சி முறையில் இரவுப் பணி செய்தோரிடம் மார்பகப் புற்றுநோய் 36 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டது. இரவுப் பணி செய்யாத ஒரு குழுவில் 100 பேருக்கு நோய் வந்தால், அதே அளவுள்ள மற்றொரு குழுவில் 136 பேருக்கு வரும் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம். நூற்றுக்கு 36 பேருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளன்று. ஆனால் 2016இல் பிரிட்டனிலிருந்து வெளிவந்த ஆய்வு, 10 ஆய்வுகளில் இடம்பெற்ற ஏறத்தாழ 14 லட்சம் பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை அத்தகைய மிகுதியைக் காணவில்லை. கேள்வி இன்னும் முடிந்தபாடில்லை.

எனவே, தனியொருவரைச் சுட்டி “இரவுப் பணியால்தான் உமக்கு நோய் வந்தது” என்று எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. குடும்பத்துக்காகக் கண் விழித்து உழைத்தவர் தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இரவில் உழைப்போர்க்கு

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் ஆலையில் பணிபுரிவதைத் தடுத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியபோது, பகல் பணியிலிருந்து இரவுப் பணிக்கு மாற்றப்படும் பெண்ணுக்கு இடையே குறைந்தது 12 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. இத்தகைய ஓய்வு ஆண், பெண் இருபாலர்க்கும் நலம் பயக்கும்.

பணி முடிந்து திரும்பியதும் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் உறங்குங்கள். 7 மணி நேரமேனும் தேவை. சன்னலுக்குத் தடித்த திரையிடுங்கள். பணியின் பிற்பாதியில் தேநீரையும் காபியையும் தவிருங்கள். கைப்பேசியைப் படுக்கைக்குக் கொண்டுசெல்லாதீர்கள். வீட்டார் அழைப்பு மணியையும் தொலைக்காட்சியையும் அந்நேரத்தில் அடக்கி வைப்பது பேருதவி. உரத்த குறட்டையும் பகலில் தீராத தூக்கமும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

எங்களை மிகவும் கவலையுறச் செய்வது வேறொன்று. பகலில் உறங்குவோர் பகலில் நடைபெறும் பரிசோதனைகளைத் தவறவிடுகின்றனர். அடையாறு புற்றுநோய் நிலையம் பராமரிக்கும் பதிவேட்டின்படி, சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. வார விடுமுறை நாளொன்றை இதற்கென ஒதுக்குங்கள். மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றை ‘தூக்கமின்மையால் வந்தது’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

சிகிச்சையில் இருப்போர்க்கும் உடனிருப்போர்க்கும்

சிகிச்சைக் காலத்தில் உறக்கம் கலைவது பெரிதும் காணப்படுவதே. அதனால் நோய் முற்றிவிடும் என்று அஞ்சி மேலும் உறக்கத்தை இழக்காதீர்கள். வலியால் விழிக்கிறீர்களெனில் மறைக்காமல் சொல்லுங்கள். வலி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற இயலும். வாந்தியைத் தடுக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் உறக்கத்தைக் கெடுப்பதுண்டு. அவற்றைக் காலையில் உட்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காலையில் சிறிது நேரம் வெயிலில் நடப்பதும், பகலுறக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்துவதும் இரவு உறக்கத்துக்குத் துணைபுரியும். தூக்க மாத்திரையோ மெலடோனின் மாத்திரையோ மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டா.

கட்டிலருகே பாய் விரித்துப் பல நாள் அரைத்தூக்கத்தில் கிடக்கும் உடனிருப்போரையும் நாங்கள் காண்கிறோம். அக்காள், தம்பி, மைத்துனர் என்று முறை வைத்து இரவுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் ஓர் இரவு வீட்டுக்குச் சென்று உறங்கி வருவது கடமையிலிருந்து விலகுவதாகாது. நன்கு உறங்கி வந்தவரே மறுநாள் மருந்தின் பெயரையும் வேளையையும் பிழையின்றி நினைவில் வைத்திருப்பார்.