ஓர் உத்தரவு, பல இயந்திரங்கள்
தொலைவிலுள்ள கணிப்பொறிகளைக் கட்டளைவரியால் இயக்கும் முறை

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய சுரங்கத் தொழில், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை நடைபெற்றது. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து குடியேறிய தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர், கம்பி வடத்தில் தொங்கும் கூண்டுகளில் நாள்தோறும் அந்த ஆழத்திற்கு இறங்கி ஏறினர்.

கூண்டை இயக்கும் எஞ்சின் ஓரிடத்தில் இருக்கும்; கூண்டு நிற்கும் தளமோ பல நூறு மீட்டர் கீழே இருக்கும். எஞ்சின் ஓட்டுநர் கூண்டைக் கண்ணால் காண இயலாது. ஆழங்காட்டும் முள்ளும், கீழிருந்து வரும் மணியோசையுமே அவருக்குத் துணை. மணியின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பொருள் வகுக்கப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கூண்டுக்கு ஒரு மணி அடித்தால் ‘நிறுத்து’ என்று பொருள். இந்தச் சங்கேதங்கள் பலகையில் எழுதப்பட்டு, தளங்களிலும் எஞ்சின் அறையிலும் தொங்கவிடப்பட்டன.

தொலைவிலிருந்து இயந்திரத்தை இயக்கும் கலைக்குரிய அடிப்படை விதிகள் நான்கும் இந்த மணிமுறையில் அடங்கியுள்ளன. முதலாவது, உத்தரவிட உரிமையுள்ளவரே மணியடிக்க வேண்டும். இரண்டாவது, உத்தரவின் பொருள் இருபுறத்தாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது, உத்தரவு சேர்ந்ததென்பதற்குப் பதில் வர வேண்டும். நான்காவது, நிறுத்தும் உத்தரவு எப்போதும் எளிதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் உயிருக்கு ஆபத்து.

ஒரு நிலையம், பல சுரங்கங்கள்

தங்கவயலுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. காவிரியாற்றின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பிவழி கொண்டுவரப்பட்டு, 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இச்சுரங்கங்களை வந்தடைந்தது. மைசூர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் உருவான திட்டம் இது. உலகின் மிக நீண்ட மின்கடத்தல் வழிகளுள் ஒன்றாக அது அக்காலத்தில் விளங்கியது. ஓரிடத்திலிருந்து பல இயந்திரங்களை இயக்கும்போது செலவு குறைகிறது, வேலை ஒழுங்காகிறது. ஆனால் அந்த ஒரே இடத்திலோ வழியிலோ கோளாறு நேரின், அத்தனை இயந்திரங்களும் ஒருங்கே பாதிக்கப்படும். நன்மையும் தீமையும் ஒரே கம்பியில் வருகின்றன என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கணிப்பொறிக்கு மணியடித்தல்

இன்று ஒரே அலுவலகத்தின் பொறுப்பில் நூற்றுக்கணக்கான கணிப்பொறிகள் பல ஊர்களில் பரந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றின் முன்பும் சென்று அமர்ந்து வேலை செய்வது இயலாத காரியம். ஆகவே, ஒரு கணிப்பொறியின் கட்டளைவரியில் சில சொற்களைத் தட்டச்சு செய்து, அவற்றைத் தொலைவிலுள்ள மற்றொன்று நிறைவேற்றுமாறு செய்யும் முறை தோன்றியது. படங்களையும் பொத்தான்களையும் விடக் கட்டளைவரியே இதற்கு ஏற்றது. எழுத்தாலான கட்டளையைச் சேமித்து வைக்கலாம், மற்றவர் சரிபார்க்கலாம், மாறுபாடின்றி ஆயிரம் முறை அனுப்பலாம்.

1980-களில் யூனிக்ஸ் கணிப்பொறிகளில் பரவிய பழைய முறைகளில் கட்டளைகள் மறைவின்றியே கம்பியில் சென்றன; டெல்நெட் போன்ற முறைகளில் கடவுச்சொல்லும் அவ்வாறே சென்றது. வழியில் ஒட்டுக்கேட்பவர் எவரும் அவற்றைத் திருடலாம். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அவ்வாறு கடவுச்சொற்கள் திருடப்பட்டதையடுத்து, அங்குப் பணியாற்றிய டாட்டு யுலோனென் 1995-ஆம் ஆண்டு ‘செக்யூர் ஷெல்’ என்னும் முறையை வகுத்தார். எஸ்.எஸ்.எச். என்று சுருக்கமாக வழங்கும் இம்முறையில் செய்தி முழுவதும் சங்கேதமாக்கப்பட்டே செல்லும்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக இணைச் சாவிகளையும் இதில் பயன்படுத்தலாம். ஒன்று பொதுச்சாவி, அதை எத்தனை கணிப்பொறிகளில் வேண்டுமானாலும் வைக்கலாம். மற்றது தனிச்சாவி, அது உரியவரை விட்டு நீங்கலாகாது. தொலைவிலுள்ள பொறி, தன்னிடமுள்ள பொதுச்சாவியைக் கொண்டு, பேசுபவர் தனிச்சாவிக்கு உரியவர்தானா என்று சோதிக்கிறது. தனிச்சாவி வழியில் செல்வதே இல்லை. அதுபோன்றே, அனுப்புபவரும் மறுமுனையிலுள்ள பொறி தாம் கருதிய பொறிதானா என்று சோதித்துக்கொள்கிறார். சுரங்கத்தின் முதல் விதி இங்கு இருமுனைகளிலும் காக்கப்படுகிறது.

ஒன்றிலிருந்து நூற்றுக்கு

பல கணிப்பொறிகளைச் சேர்த்து ஒரே பெரும்பொறியாக இயக்கும் மீத்திறன் கணினி நிலையங்களில் இம்முறை இன்றியமையாதது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2022-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ‘பரம் பிரவேகா’ அத்தகையது. அதன் திறன் 3.3 பெட்டாஃப்ளாப். இத்தகைய அமைப்பு ‘கணு’ எனப்படும் பற்பல கணிப்பொறிகளின் தொகுதியாகும். ஒரு திருத்தத்தைக் கணுதோறும் தனித்தனியே செய்ய முற்பட்டால் நாட்கள் கழியும். இரண்டொன்று விடுபட்டும் போகும்.

இதற்கென மென்பொருட்கள் உள்ளன. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் உருவான ‘பி.டி.எஸ்.எச்.’ ஒன்று, 2012-இல் வெளியான ‘ஆன்சிபிள்’ மற்றொன்று. இவற்றிடம் பொறிகளின் பெயர்ப்பட்டியலையும் கட்டளையையும் கொடுத்தால் போதும். அவை எல்லாப் பொறிகளையும் ஒரே நொடியில் அழைப்பதில்லை. முன்னது, வேறு எண் குறிக்கப்படாவிடின், ஒரு வேளையில் 32 பொறிகளையும் பின்னது 5 பொறிகளையும் மட்டுமே கையாளும். வரும் விடைகளைப் பொறியின் பெயரோடு சேர்த்துக் காட்டும்.

கட்டளை முடிந்ததும் ஓர் எண் பதிலாக வரும். சுழியம் வந்தால் வெற்றி. வேறு எண் வந்தால் தோல்வி. எஸ்.எஸ்.எச். முறையில் இணைப்பே பழுதுபட்டால் 255 என்னும் எண் வரும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. கட்டளை சென்ற பின் இணைப்பு அறுந்தால், அது நிறைவேறிற்றா இல்லையா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. பதில் மணி கேட்காததால் கீழே மணி ஒலிக்கவில்லை என்று முடிவு செய்தலாகாது. மீண்டும் அனுப்பினால் வேலை இருமுறை நடந்துவிடலாம்.

எனவே, எத்தனை முறை அனுப்பினும் முடிவு மாறாத வகையில் கட்டளையை அமைப்பதே சிறந்தது. ‘இந்த வரியைச் சேர்’ என்னும் கட்டளையை மும்முறை அனுப்பினால் மூன்று வரிகள் சேரும். ‘இந்த வரி ஒருமுறை இருக்கச் செய்’ என்னும் கட்டளையை எத்தனை முறை அனுப்பினும் ஒரே வரிதான் இருக்கும்.

பிழையும் பெருகும்

ஒரே உத்தரவு நூறு இடங்களில் பலிக்குமாயின், அதிலுள்ள பிழையும் நூறு இடங்களில் பலிக்கும். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், அமெரிக்காவில் அமேசான் நிறுவனத்தின் எஸ்3 தகவல் சேமிப்புப் பிரிவில், சில சர்வர்களை மட்டும் விலக்குவதற்கான கட்டளை ஒன்று தவறாகத் தட்டச்சு செய்யப்பட்டது. கருதியதைவிட மிகுதியான சர்வர்கள் விலகின. அவற்றை நம்பியிருந்த எண்ணற்ற சேவைகள் சுமார் நான்கு மணி நேரம் முடங்கின. அந்நிறுவனம் பின்னர் தன் கருவியைத் திருத்தியது. சர்வர்களை மெதுவாகவே விலக்கவும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழ்ச் செல்லாதிருக்கவும் அதில் தடை அமைக்கப்பட்டது.

2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஃபேஸ்புக் நிறுவனத்தில் நேர்ந்தது இன்னும் படிப்பினையானது. பராமரிப்பின்போது அனுப்பிய ஒரு கட்டளை, அதன் நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பு முழுவதையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் ஒரு குறை இருந்தது. வலையமைப்பு அறுந்தபின், திருத்தும் கட்டளையை அனுப்ப வழியில்லாமற் போயிற்று. பொறியாளர்கள் நேரில் செல்ல வேண்டியதாயிற்று. சேவை மீளச் சுமார் ஆறு மணி நேரம் ஆயிற்று.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தத்தால், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குச் சீட்டுகளைக் கையால் எழுதித் தர நேர்ந்தது. ஒன்றரை மணி நேரத்திற்குள் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் நின்றுபோன பொறிகளுட் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

கட்டளையை அனுப்புமுன் பெயர்ப்பட்டியலை மட்டும் வரவழைத்துப் படித்துப் பார்த்தல் நலம். முதலில் ஒரே பொறியில் சோதித்து, பின்னர் ஐந்தில், அதன்பின் மற்றவற்றில் நிறைவேற்ற வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் தோல்வி கண்டால் தானே நின்றுவிடும் ஏற்பாடு இருத்தல் அவசியம். வலையமைப்பையே மாற்றும் கட்டளையாயின், அந்த வலையமைப்பைச் சாராத மாற்று வழி ஒன்றை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். தனிச்சாவியைப் பிறருக்குக் கொடுத்தலாகாது. பணியிலிருந்து விலகியவரின் பொதுச்சாவியை எல்லாப் பொறிகளிலிருந்தும் உடனே நீக்க வேண்டும். எந்தக் கட்டளை எப்போது யாரால் அனுப்பப்பட்டது என்பதைப் பதிவேட்டில் குறித்தல் பின்னர் பெரிதும் உதவும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனைக் கணிப்பொறி இன்றியே மாணவருக்கு விளக்கலாம். முப்பது மாணவருக்கு எண் கொடுத்து, ஒவ்வொருவரும் தாளில் ஒரு கோடு இடும்படி உத்தரவிடுக. முடித்தவர் தம் எண்ணைச் சொல்லி ‘ஆயிற்று’ என்று பதிலளிக்க வேண்டும். கோடிட்ட பின்னும் பதில் சொல்லாதிருக்குமாறு இருவரிடம் முன்பே இரகசியமாகக் கூறி வைக்கலாம். பின்னர், பதில் வராத எண்களுக்கு மட்டும் அதே உத்தரவை மறுபடியும் இடுக. அவ்விருவர் தாளிலும் இரு கோடுகள் காணப்படும். அடுத்த முறை, ‘தாளில் ஒரே ஒரு கோடு இருக்கச் செய்க’ என்று உத்தரவின் சொற்களை மட்டும் மாற்றி, புதிய தாளில் மீண்டும் நடத்துக. இரு முடிவுகளுக்கும் உள்ள வேறுபாட்டின் காரணத்தை மாணவர்களே எழுதும்படி செய்தல் நலம்.