வெள்ளையடித்த வீடும் பட்டி பார்த்த வீடும்

வீட்டை விற்கப்போகிறோம் என்பதை வெளியே சொல்லவே தயங்கிய காலம் ஒன்று இருந்தது. பெண்ணின் கல்யாணம், கழுத்தை நெரிக்கும் கடன், அண்ணன் தம்பி பாகம் என்று பெரும்பாலும் ஏதோ ஒரு நெருக்கடிதான் விற்பனைக்குக் காரணம். அதனால் விற்பதற்காக வீட்டைச் சிங்காரிக்கும் பேச்சே எழவில்லை. போகிக்கு முன் அடித்த வெள்ளை எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலையிலேயே வீடு கைமாறும். வாங்க வருகிறவர் நம்பிக்கையான கொத்தனார் ஒருவரைக் கூட்டிவருவார். கொத்தனார் சுவரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே நடப்பார். உத்தரத்தைக் கரையான் தொட்டிருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். கிணற்றில் ஒரு வாளி இறைத்து, ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்ப்பார். ஓதம் ஏறிய சுவர் ஏறியபடியே நிற்கும். அதற்கேற்ப விலை குறையும், அச்சாரம் கைமாறும்.

அந்த வெள்ளைக்கு எதையும் மறைக்கத் தெரியாது. கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கையில் ஒட்டாமலிருக்க வஜ்ஜிரப் பசையும் பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்து மட்டையால் அடிப்பார்கள். சுவரில் ஈரம் இருந்தால் மறுவாரமே திட்டுத்திட்டாகத் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஈரம் உள்ளே தங்காது. சுண்ணாம்புக் காரைச் சுவர், இழுத்த நீரை வெயிலில் வெளியே விட்டுவிடும். சென்னையின் மெட்ராஸ் டெரஸ் வீடுகளும் அப்படித்தான். மர உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையால் இணைத்த மாடி அது. தலைமுறைகள் தாண்டி நின்ற அத்தகைய வீடுகள் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் இருக்கின்றன.

இன்று வாங்குகிறவர் வீட்டை முதலில் கைப்பேசியில் பார்க்கிறார். படத்தில் சுவரைத் தட்ட முடியாது, தண்ணீரைச் சுவைக்க முடியாது. எனவே விற்கிறவரின் பணமெல்லாம் படத்தில் விழும் இடத்துக்குப் போகிறது. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் பூசிவிடுகிறார்கள். கூடத்தில் ஃபால்ஸ் சீலிங்கும் மஞ்சள் விளக்கும் வருகின்றன. சமையலறையில் பழைய கடப்பாக்கல் மேடையை எடுத்துவிட்டு மாடுலர் கிச்சன் வைக்கிறார்கள். இவற்றில் தப்பில்லை. துடைத்த வீட்டைக் காட்டுவது வருகிறவருக்குத் தரும் மரியாதை. எனக்கு மனம் பதைப்பது பட்டிக்கு அடியில் இருப்பதை நினைத்துத்தான்.

சென்னைப் புறநகரில் அண்மையில் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். படுக்கையறையின் மூன்று சுவர்கள் மங்கிய வெளிர்நீலம். குளியலறையை ஒட்டிய நான்காவது சுவர் மட்டும் புதுப்பெயிண்ட். இடுப்பு உயரத்துக்குக் கீழே விரலை வைத்து அழுத்தியதும் பெயிண்ட் குமிழாக உள்ளே போயிற்று, பட்டி மாவாக உதிர்ந்தது, அதன் பின்னே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் நானி ட்ராப்பைச் சுற்றிய இணைப்பு கசிந்து, அந்த நீரைச் சுவர் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எமல்ஷன் படலம் அதை வெளியே போக விடவில்லை.

இதற்கு மருந்து பெயிண்ட் டப்பாவில் கிடையாது. தரை டைல்ஸைப் பெயர்த்து, இணைப்பைச் சரிசெய்து, நீர்க்காப்புப் பூச்சு பூசி, டைல்ஸ் ஒட்டுமுன் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்க்கவேண்டும். சுவர் காய வாரக்கணக்கில் விட்டபிறகுதான் பட்டி. மொட்டைமாடியும் அப்படியே. ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தின் மேலிருக்கும் தட்டோட்டில் இணைப்பு விட்டிருந்தால், அதைக் கீறிச் சுத்தம்செய்து மீண்டும் பூசவேண்டும். சன்ஷேடில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தால், துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே சிமென்ட் அப்புவது அடுத்த மழைவரைகூடத் தாங்காது. இவை எதுவும் படத்தில் விழாது, ஆனால் விற்குமுன் செய்யவேண்டியவை இவைதான்.

குறையை மறைக்கக் கூடாது என்பதில் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவில், வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை எதுவும் விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் வீடு பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “உள்ளே தண்ணி வந்துச்சா?” வந்திருந்தால் எதுவரை வந்தது என்று சுவரில் கைவைத்துக் காட்டுகிறவரிடம் நான் தயங்காமல் வீடு வாங்குவேன். சாலையை மேலே மேலே போட்டதில் பள்ளத்துக்குப் போன வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்தியிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லலாம்.

ஒரு பைசாகூடச் செலவழிக்கக் கூடாத வீடுகளும் உண்டு. நகரத்துக்குள் இருக்கும் பழைய தனிவீட்டைப் பெரும்பாலும் கட்டுநர்தான் வாங்குகிறார். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள், மனையளவைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டைச் சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தியபின் அவருடைய கண் மனையின் மேல்தான். இடிக்கப்போகும் சுவருக்குப் பெயிண்ட் எதற்கு?

எந்த வீடானாலும் பழுதுபார்க்க வேண்டிய இன்னொன்று பத்திரப்பெட்டி. அன்று மூலப்பத்திரமும் ஊர்ப் பெரியவர் வாக்கும் பல இடங்களில் போதும். இன்று வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் ஒவ்வொரு தாளையும் புரட்டுகிறார். வில்லங்கச் சான்றிதழை வீட்டிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடலாம். ஆனால் அப்பா காலமாகிப் பல வருடமாகியும் பட்டாவும் வீட்டு வரியும் மின் இணைப்பும் அவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் ஏராளம். கொத்தனாரைக் கூப்பிடுமுன் அந்தப் பெயர்மாற்றங்களை முடித்துவிடுங்கள். கூடுதல் அறை, புது மாடி என்று நிலையாகச் சேர்த்த எதற்கும் ரசீதை எறியாதீர்கள். விற்ற லாபத்துக்கு வருமான வரி கணக்கிடும்போது அந்தச் செலவைக் கழிக்கலாம், வெறும் வெள்ளையடித்த செலவைப் பொதுவாக அப்படிக் கழிக்க முடியாது. நீர்க்காப்பு வேலை செய்தவர் தந்த உத்தரவாதத் தாள் இருந்தால், அதைச் சாவியோடு புதியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.